பழுக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி

சீமை அத்திச் செடி வாங்கி வைத்தவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டே. செடி தளதளவென்று கூரை உயரத்துக்குப் போகிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை என்பது ஒன்று. காய் பிடிக்கிறது, ஆனால் பழம் சப்பென்று இருக்கிறது, பாதி வெடித்துப் புளித்துவிடுகிறது என்பது மற்றது. எந்தக் குறையானாலும் உடனே உரக்கடைக்குப் போவது வழக்கம். கடைக்காரரும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். இரண்டு குறைக்கும் மூலம் காலக்கணக்கில் இருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். பழம் எந்த மாதத்தில் பழுக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து நாலு, நாலரை மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த வாரத்தில் செடியைக் கவாத்து செய்யுங்கள், அதுவும் பார்ப்பவர் ‘ஐயோ’ என்று சொல்லும் அளவுக்கு. எந்தத் தொட்டி, என்ன மண், எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த முடிவிலிருந்துதான் கிடைக்கும்.

அதற்கு முன், கையில் இருப்பது சரியான செடிதானா என்று பார்த்துவிட வேண்டும். நர்சரியில் வெறுமனே அத்தி என்று கேட்டால் நாட்டு அத்தியைத் தூக்கிக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆற்றங்கரையில் பெரிதாக வளர்ந்து, அடிமரத்திலும் கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் மரம் அது. அதன் வேர் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டுவைக்காது. பழத்தைப் பிட்டால் பூச்சி பறக்கும். வீட்டை ஒட்டி அத்தி வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில், இந்த மரத்தைப் பொறுத்தவரை நியாயம் இருக்கிறது. நாம் வளர்க்கப்போவது மேற்காசியாவையும் மத்தியதரைக் கடலோரத்தையும் தாயகமாகக் கொண்ட சீமை அத்தி. வெட்டி வெட்டி ஆள் உயரத்திலேயே வைத்துக்கொள்ளக்கூடிய சிறுமரம். இலையைப் பார்த்தே பிரித்துவிடலாம்: நாட்டு அத்தியின் இலை பிளவில்லாமல் நீண்டு வழவழப்பாக இருக்கும், சீமை அத்தியின் இலை மூன்று அல்லது ஐந்து மடல்களாகப் பிளந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். ரகத்தில் பூனா அத்தி, டயானா, பிரவுன் டர்கி ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் தொடங்கலாம். பூனா அத்தி நடுத்தரப் பழம், இளம் ஊதாத் தோல். டயானாவின் பழம் பெரிது, மஞ்சளோடிய பச்சை. பிரவுன் டர்கி தொட்டியில் அடங்கி வளரும். பெயர் தெரியாத அபூர்வ ரகம் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் குச்சிகளை முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடாமல் இருப்பது நல்லது.

சீமை அத்தியில் காய் எங்கே வருகிறது என்று தெரிந்தால் மேலே சொன்ன கணக்கு ஏன் என்பது விளங்கும். இலைக்காம்பும் தண்டும் சேரும் கணுவில்தான் காய் வரும். அதிலும் முக்கியமான மகசூல் அந்தப் பருவத்தில் புதிதாகத் துளிர்த்த கொம்பின் கணுக்களில் வருகிறது. போன ஆண்டுக் கொம்பில் சில காய்கள் முன்கூட்டியே வருவதுண்டு. சில ரகங்களில் அது நிறைய இருக்கும், நம்மிடம் கிடைக்கும் ரகங்களில் அதை நம்பி உட்கார முடியாது. ஆகவே புதுத் துளிர் எத்தனையோ அதைப் பொறுத்துக் கணு, கணு எத்தனையோ அதைப் பொறுத்துக் காய். வெட்டாமல் விட்ட செடி என்ன செய்கிறது? நுனி மொட்டு ஒன்றே வளர்ந்துகொண்டு போகிறது. கீழே உள்ள மொட்டுகள் தூங்குகின்றன. மூன்று ஆண்டுகளில் பத்தடி உயரத்தில் ஒரு குடைபோல் இலையும், அந்த உச்சியில் எட்டாத இடத்தில் நாலைந்து காயும் மிஞ்சும். ‘காய் பிடிக்கவில்லை’ என்ற புகார் பெரும்பாலும் இந்த உருவத்தைப் பற்றியதுதான்.

துருக்கியிலோ ஸ்பெயினிலோ இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக வருவதில்லை. அங்கே குளிர்காலம் இலையை எல்லாம் உதிர்த்து மரத்தை ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. வசந்தத்தில் மொட்டுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழிக்கின்றன. அதன்பின் வரும் மழையில்லாத நீண்ட கோடையில் பழம் பழுக்கிறது. உலர் அத்திக்குப் பேர்போன ஆய்தின் வட்டாரம் அப்படிப்பட்ட இடம். நம் சமவெளியில் அத்தியைத் தூங்க வைக்கும் குளிர் கிடையாது. செடி ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், நினைத்த நேரத்தில் துளிர்க்கும், காய் ஐப்பசி அடைமழையில் பழுக்க நேர்ந்தால் அப்போதே பழுத்துத் தொலைக்கும். குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையைக் கவாத்துக் கத்தரி செய்ய வேண்டும். அதை எந்த நாளில் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மத்தியதரைக் கடலோர விவசாயிக்கு அவ்வளவாக இல்லை, நமக்கு இருக்கிறது. குளிர் இல்லாததைக் குறையாகச் சொல்பவர்கள் இந்தச் சலுகையைக் கணக்கில் எடுப்பதில்லை.

பழுக்கும் மாதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அத்திக்காய் வளர்வது மூன்று கட்டமாக. முதல் கட்டத்தில் பட்டாணி அளவிலிருந்து கோலிக்குண்டைத் தாண்டும்வரை விறுவிறுவென்று பெருக்கும். பிறகு பல வாரங்கள் அப்படியே நின்றுவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறுவது இந்தக் கட்டத்தில்தான், ஆனால் பதற ஒன்றுமில்லை. கடைசியில் சில நாட்களுக்குள் திடீரென்று உப்பி, நிறம் மாறி, மெத்தென்று ஆகும். பழத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கு இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சேர்கிறது. அந்தச் சில நாட்களில் வெயில் இருந்தால் இனிப்பு. மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஏறிச் சப்பென்று போகும், தோல் வெடிக்கும், அடியில் இருக்கும் கண் என்னும் துளை வழியாக ஈரமும் வண்டும் புகுந்து உள்ளே புளிக்கும். மற்றப் பழமானால் காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கலாம். அத்திக்கு அந்த வழி இல்லை. முன்னதாகப் பறித்தால் மெத்தென்று ஆகும், இனிப்பு கூடாது. கடையில் வாங்கும் புது அத்தி பலருக்கு ஏமாற்றமாக இருப்பதற்கும் இதுவே காரணம்: லாரிப் பயணத்தைத் தாங்க வேண்டும் என்று கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள்.

புனே மாவட்டத்தில் புரந்தர் வட்டாரத்து விவசாயிகள் இதை வெகுநாளாக அறிந்தவர்கள். புவிசார் குறியீடு பெற்ற அத்தி அவர்களுடையது. மழைக்காலத்தை ஒட்டி வரும் மகசூலைக் கட்டா பஹார் என்றும் கோடையில் வரும் மகசூலை மீட்டா பஹார் என்றும் பிரித்து, எது வேண்டுமோ அதற்கு ஏற்ப முன்கூட்டியே தண்ணீரை நிறுத்தி, மரத்துக்கு ஓய்வு கொடுத்து, கவாத்து செய்கிறார்கள். முன்னது புளிப்பு, பின்னது இனிப்பு என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. மரம் அதே மரம், மண் அதே மண். மாறுவது பழுக்கும் மாதம் மட்டும். காலக்கணக்கே பிரதானம் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று தேடிப்போக வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கான கணக்கு. கவாத்து செய்து இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். ஐந்தாறு வாரத்தில், துளிரின் நாலாவது ஐந்தாவது இலைக்கணுவில் மிளகளவு காய் தெரியும். அந்த முதல் காய் பழுக்க, கவாத்திலிருந்து 120 முதல் 140 நாள் ஆகும். குளிர் மாதங்கள் நடுவில் வந்தால் பத்து நாள் கூடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவில்தான் ஓய்கிறது. அங்கே டிசம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் வெட்டினால் துளிர் மழை விட்ட பிறகு விரியும். பழம் ஏப்ரல் நடுவில் தொடங்கும். கோவை, ஈரோடு, திருச்சி, மதுரைப் பக்கம் மழை அவ்வளவு நீளாது என்பதால் நவம்பர் முதல் பாதியிலேயே வெட்டலாம். மார்ச் கடைசியில் பழம். கன்னியாகுமரியில் இரண்டு பருவமழையும் பெய்யும், வறண்ட மாதம் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். அங்கே செப்டம்பர் கடைசியில் வெட்ட வேண்டியிருக்கும், இளந்துளிரை மழையிலிருந்து காக்கும் கூடுதல் வேலையோடு. யாழ்ப்பாணத்தில் மழை டிசம்பர் கடந்தும் இழுப்பதால் தை பிறக்கும்போது வெட்டி வைகாசியிலிருந்து பழம் எதிர்பார்க்கலாம். அங்கே வறட்சி ஆவணி வரை நீளும் என்பதால் அவசரம் இல்லை. உங்கள் ஊர் இந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் சூத்திரம் ஒன்றுதான்: தொடர்ந்து ஆறு வாரம் மழை இல்லாத காலம் எது என்று கண்டுபிடித்து, அதன் தொடக்கத்திலிருந்து 130 நாள் பின்னால் போங்கள்.

ஏப்ரல், மே என்றால் அக்னி நட்சத்திரம் ஆயிற்றே, செடி கருகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்தி பயிராகும் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ சமவெளியிலும் கோடையில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடுகிறது. அந்த வெயிலில்தான் அங்கே பழம் இனிக்கிறது. அத்திக்கு வெயில் எதிரியாவது வேர் வேகும்போது. மொட்டை மாடியில் செடி வைத்த கறுப்பு டிரம்மின் சுவரைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கையால் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் ஓரத்து வேர் எப்படி உயிரோடிருக்கும்? டிரம்மைச் சுற்றி நனைந்த சாக்கைக் கட்டுங்கள், மண்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள், அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தரையின் சூடு ஏறாமல் தூக்குங்கள். மே மாதத்தில் நண்பகலுக்கு மட்டும் மெல்லிய நிழல்வலை போதும். நாள் முழுக்க நிழலில் வைத்தால் இந்த வெயிலைத் தேடிக் கணக்குப் போட்டதே வீண்.

வெட்டும் முறைக்கு வருவோம். முதல் ஆண்டில் ஒற்றைத் தண்டை ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, வரும் துளிர்களில் நாலு பக்கமும் பார்த்த மூன்று நாலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இவை நிரந்தரக் கைகள். இரண்டாம் ஆண்டிலிருந்து, ஒவ்வொரு கையிலிருந்தும் எழுந்த கொம்புகளை அடியில் இரண்டு அல்லது மூன்று கணு மட்டும் விட்டு வெட்டிவிட வேண்டும். ஐந்தடிக் கொம்பில் நாலரை அடி போய்விடும். காய்த்த கொம்பையா வெட்டுவது என்று மனசு ஒப்பாது. அந்தக் கொம்பில் காய் வந்த கணுவிலேயே மறுபடி காய் வராது என்பதை நினைவில் வையுங்கள்; வெட்டாமல் காப்பாற்றுவது காய்த்து ஓய்ந்த கட்டையைத்தான். ஜப்பானில் அத்தியைத் தரைக்கு இணையாக இரண்டு கைகளாகப் படுக்க வைத்து, அவற்றிலிருந்து வரிசையாக நேர்க்கொம்புகளை எழவிட்டு, ஆண்டுதோறும் அந்தக் கொம்புகளை ஓரிரு கணுவுக்கு வெட்டுகிறார்கள். அப்படி அடியோடு வெட்டிய கட்டையிலிருந்து எழும் ஒவ்வொரு கொம்பிலும் இலைக்கணுதோறும் காய் தொங்கும். கடும் கவாத்து மகசூலைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அந்தத் தோப்புகளே பதில். முன்கூட்டி வரும் காய்கள் போய்விடுமே என்பவர்களுக்கு ஒன்று: போகும்தான். மழைக்காலத்தில் பழுக்கப்போகும் அந்த நாலைந்து காய்க்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம்.

வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரைக் குறைத்து, இலை தொய்யும் வரை காயவிடுங்கள். மழை நீடிக்கும் கடலோரத்தில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவைத்தால் இது முடியும். வெட்டும் நாளில் முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம். வெட்டுவாயிலிருந்து சொட்டும் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் தீப்புண் போலக் கொப்புளம் கிளம்பும். கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். மாலையில் வெட்டுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கணுவுக்கு அரை அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். மீந்திருக்கும் இலைகளையும் காம்போடு கிள்ளிவிடுங்கள். இலை இருக்கும்வரை மொட்டு விழிக்கத் தயங்கும். வெயில் நேரே விழும் கைகளுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் மொட்டு தூங்கிக்கொண்டே இருந்தால், புனே விவசாயிகள் செய்வதுபோல் அந்த மொட்டுக்குச் சற்று மேலே கூரான கத்தியால் பட்டையில் சிறு சாய்வுக் கீற்று ஒன்றைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். நுனியிலிருந்து கீழிறங்கி மொட்டை அடக்கிவைக்கும் சுரப்பு அந்த இடத்தில் தடைபட்டு, மொட்டு விழித்துக்கொள்ளும். தொட்டிச் செடியின் மெல்லிய கொம்பில் கீற்று நகக்கண் அளவுக்கு மேல் வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் நிலத்தில் வைத்த மரத்துக்கும் பொருந்தும்தான். ஆனால் தண்ணீரை நிறுத்தவும் கொடுக்கவும், மழைக்கு ஒதுக்கவும் முடிவது தொட்டியில். அதனால் இடம் இருப்பவர்களுக்கும் தொட்டியையே சொல்வேன். தொட்டியில் மரம் குறுகிப்போகும், நிலத்தில்தான் மரம் மரமாக இருக்கும் என்ற மறுப்பு மற்ற மரங்களுக்குச் சரி. அத்திக்கு வேரை நெருக்கினால் இலைவெறி அடங்கிக் காய் பிடிக்கும். இங்கிலாந்தில் தோட்டத்துச் சுவரோரம் அத்தி நடுபவர்கள் தாராளமாகக் கிடக்கும் நல்ல மண்ணில் அதை விடுவதில்லை. இரண்டடிச் சதுரக் குழி வெட்டி, நாலு பக்கமும் கல்பலகை நிறுத்தி, அந்தப் பெட்டிக்குள் அடைத்து நடுகிறார்கள். நாம் டிரம்மில் செய்வதும் அதேதான். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் 80 அல்லது 100 லிட்டர் டிரம்முக்கு மாற்றினால் போதும். ஈரமண்ணோடு அது 100 கிலோவைத் தாண்டும் என்பதால் மாடியின் நடுவில் வைக்காமல் சுவரோ உத்தரமோ இருக்கும் இடத்துக்கு மேலாக வையுங்கள். மண் கலவையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை: செம்மண், மக்கிய தொழு உரம், நார்க்கழிவு, கொஞ்சம் மணல், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஒழுக வேண்டும், அவ்வளவே. சுண்ணாம்புச் சத்துள்ள மண் அத்திக்குப் பிடிக்கும். ஓரளவு உப்பு கலந்த போர் தண்ணீரையும் தாங்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, கவாத்து நாளிலேயே, செடியை வெளியே இழுத்து ஓரத்து வேரை இரண்டு அங்குலம் சீவி, புது மண் போட்டு மறுபடி வையுங்கள். நிலத்தில்தான் வைப்பேன் என்பவர்கள் கழிவுநீர்த் தொட்டிக்கும் குழாய்களுக்கும் 15 அடியாவது தள்ளி வையுங்கள். சீமை அத்தி வேரும் ஈரத்தை மோப்பம் பிடிக்கும்.

கவாத்துக்குப் பிறகு உரமும் தண்ணீரும் அதே நாட்காட்டியைத்தான் பின்பற்ற வேண்டும். துளிர்க்கும்போது இரண்டு கிலோ தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு கைப்பிடி புண்ணாக்கு. காய் பட்டாணி அளவானதும் தழைச்சத்து கொடுப்பதை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு பிடி மரச்சாம்பல் போதும். அதன்பின்னும் சாணக்கரைசலை ஊற்றிக்கொண்டே இருந்தால் இலை பெருக்கும், பழம் தள்ளிப்போகும். தள்ளிப்போன பழம் மழையில் மாட்டும். அதே காரணத்துக்காகத் துளிர் 15 இலை போட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அதற்கு மேல் வரும் காய்கள் ஜூன் தாண்டித்தான் பழுக்கும். நடுக்கட்டத்தில் காய் வளராமல் நிற்கும் வாரங்களில் தண்ணீர் ஒருநாள் தவறினாலும் காய் உதிரலாம். கடைசிக் கட்டத்தில் காயவிட்டு மொத்தமாக ஊற்றுவதுதான் கெடுதல், பழம் வெடித்துவிடும். கோடையில் காலையில் ஒருமுறை, இலை பெரிதான செடிக்கு மாலையில் இன்னொருமுறை, அளவாக.

குளவி இல்லாமல் அத்தி காய்க்காது என்று படித்திருப்பவர்கள் ஒரு சந்தேகம் கேட்பார்கள். நாம் காய் என்பது உண்மையில் உள்பக்கமாகப் பூக்கள் அடைந்த ஒரு பை. சில வகைகளில் ஒரு சிறு குளவி கண் வழியாக உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிற்கும். ஸ்மிர்னா வகை அப்படிப்பட்டது. 1880களில் அந்தச் செடிகளைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் வளர்ந்தது, காயெல்லாம் உதிர்ந்தது. 1899இல் ஃப்ரெஸ்னோவில் அந்தக் குளவியை நிலைகொள்ளச் செய்த பிறகுதான் காய் நின்றது. பூனா, டயானா, பிரவுன் டர்கி மூன்றுக்கும் மகரந்தச் சேர்க்கையே தேவையில்லை, குளவி கிடைக்காவிட்டாலும் பழுக்கும். ஆகவே உள்ளே குளவி செத்துக் கிடக்குமோ என்று சைவர்கள் தயங்க வேண்டியதில்லை. இந்தக் கதையிலிருந்து நமக்கு வேண்டிய பாடம் வேறு: கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையை முளைக்க வைக்காதீர்கள். முளைக்கும், அழகாக வளரும். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி உண்ண உதவாத ஆண் அத்தியாகவும், மீதியில் பல குளவி கேட்கும் வகையாகவும் இருக்கும். நாலு ஆண்டு தண்ணீர் ஊற்றி ஒரு பழம் பார்க்க முடியாது.

நோய்களில் நம்மைப் பெரிதும் படுத்துவது துரு நோய். இலையின் அடிப்பக்கத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றி, விரலால் தடவினால் பொடி ஒட்டும். ஈரக்காலத்தில் இரண்டே வாரத்தில் செடி மொட்டையாகும். கவாத்து நாளில் எல்லா இலையையும் நீக்கி அப்புறப்படுத்துவதால் பாதி நோய் அன்றே போய்விடுகிறது, துளிர் வறண்ட காலத்தில் விரிவதால் மீதியும் தலைதூக்காது. கன்னியாகுமரி போன்ற இடங்களில் மட்டும் 1 சதவீத போர்டோ கலவை தேவைப்படலாம். வேரில் முடிச்சு போடும் நூற்புழு மணல்பாங்கான நிலத்தில் தொல்லை; புது மண் போட்ட தொட்டியைத் தரையில் படாமல் தூக்கி வைத்தால் வருவது அரிது. தண்டில் துளையும் அதன் கீழே மரத்தூளும் தெரிந்தால் தண்டுத் துளைப்பான். கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிட்டுத் துளையைக் களிமண்ணால் அடையுங்கள். அணில், குயில், மைனா, இரவில் வௌவால் ஆகியவற்றோடு வாதாடிப் பயனில்லை. காய் உப்பத் தொடங்கும் அன்றே அதை மட்டும் ஒரு சிறு வலைப்பையில் போட்டுக் காம்பில் கட்டிவிடுங்கள். ஒரு கொம்பில் அடிக்காய் முதலில், அடுத்தது சில நாள் கழித்து, என்று வரிசையாகத்தான் பழுக்கும். அதனால் ஒரே சமயத்தில் நாலைந்து பை இருந்தால் போதும், பழுத்ததிலிருந்து கழற்றி அடுத்ததற்குக் கட்டிக்கொண்டே மேலே போகலாம்.

பறிக்கும் நாளைத் தவறவிட்டால் இவ்வளவு கணக்கும் போயிற்று. நிறம் மாறியதும் பறித்துவிடும் அவசரம் பலருக்கு. நிமிர்ந்தோ கிடையாகவோ நின்ற காய் கழுத்து துவண்டு தொங்க வேண்டும். தோலின் பளபளப்பு மங்கி மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓட வேண்டும். சில சமயம் கண்ணில் ஒரு துளி பாகு நிற்கும். காம்போடு மெதுவாக மேல்நோக்கித் தூக்கினால் தானே கழன்று வரும். கழன்ற இடத்தில் வெள்ளைப் பால் கசிந்தால் இரண்டு நாள் முன்னதாகப் பறித்துவிட்டீர்கள், அதைத் தின்றால் நாக்கு அரிக்கும். கோடைமழை வரும்போல் இருக்கிறது, காய் இன்னும் உப்பவில்லை என்றால் ஒரு பழைய உபாயம் இருக்கிறது. நடுக்கட்டம் முடியும் தறுவாயில், கண்ணைச் சுற்றிச் செம்மை தட்டத் தொடங்கியதும், ஈர்க்குச்சியால் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெயைக் கண்ணில் வையுங்கள். காய் எத்திலீன் வாயுவை முன்கூட்டியே விடத் தொடங்கி, அடுத்த காய்களை முந்திக்கொண்டு சுமார் ஒரு வாரத்தில் பழுத்துவிடும். எகிப்தில் சிக்கமோர் அத்திக் காயைக் கத்தியால் கீறிப் பழுக்க வைக்கும் வழக்கம் பழங்காலம் முதல் உண்டு. காயத்துக்கும் காய் அதே வாயுவை விட்டே பதில் சொல்கிறது. காய் சின்னதாக இருக்கும்போதே எண்ணெய் வைத்தால் உதிர்ந்துவிடும். செம்மை தெரியாத காயை விட்டுவிடுங்கள்.

வெட்டிப் போட்ட கொம்புகளைக் குப்பையில் கொட்ட வேண்டாம். பென்சில் கனமும் ஒரு சாண் நீளமும் நாலு கணுவும் உள்ள போத்துகளாக நறுக்கி, பால் உலர ஒருநாள் நிழலில் போட்டு, முக்கால் பாகம் மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் நாலைந்து வாரத்தில் வேர் பிடிக்கும். இலை முளைத்ததைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்ப்பவர்கள் பலர். தண்டில் சேமித்த சத்தை வைத்தே முதல் இரண்டு இலை வரும், வேர் அதற்குப் பின்னால்தான். இலையில் மஞ்சள் திட்டுகள் பரவி உருக்குலைந்து கிடக்கும் செடியிலிருந்து போத்து எடுக்காதீர்கள், யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். தேமல் நச்சுயிரி போத்தோடு சேர்ந்தே பயணம் செய்யும், அதற்கு மருந்து இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் பெட்டியில் நாலு குச்சி போட்டுக் கொண்டுவரச் சொல்வதும் சட்டப்படி தவறு. தாவர நோய்த்தடுப்பு அனுமதி வேண்டும். நல்ல போத்துகள் கிடைத்துவிட்டால் இரண்டாவது டிரம் ஒன்று தயார் செய்யுங்கள். அது வளர்ந்ததும் முதல் செடிக்கு மூன்று வாரம் கழித்து அதைக் கவாத்து செய்தால், ஒன்று ஓயும்போது மற்றதில் பழம் தொடங்கும். மூன்றாவது டிரம்முக்கு மாடியின் உத்தரம் எங்கே ஓடுகிறது என்று கட்டியவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.